மயிலைக்காளை யாருடையது

ஆபீஸ் வாசல் புளியமரத்தடியில் கட்டியிருந்த இரண்டு காளைகளின் கழுத்திலும் மணி இல்லை. மணி தொங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு அட்டை தொங்கியது. அட்டையில் வழக்கு நம்பர், மாட்டின் நிறம், கைப்பற்றிய இடம். மணிகளைக் கழற்றி உள்ளே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மணியும் வழக்குக்குச் சாட்சியான தொண்டிப் பொருளாம். மாட்டை மழையில் விட்டுவிட்டு மணியைப் பீரோவில் வைத்துக் காப்பாற்றிய அந்த ஆபீஸின் மூளையை என்னவென்று சொல்வது!

தயாவதி வைக்கோல் கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"ஏன்பா உமாபதி, நேத்து மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா இல்லியா? தொட்டி காஞ்சு கெடக்குது."

உமாபதி அந்த ஆபீஸின் குமாஸ்தா. வேலைக்குப் புதுசு. புது வேலைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் பயம், பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கச் சட்டம் பேசுவான்.

"தண்ணி காட்டற பொறுப்பு எங்களுது இல்லீங்கம்மா. கேஸு கோர்ட்டுக்குப் போயிடுச்சு. இப்ப அது கோர்ட்டு மாடு."

"கோர்ட்டுல கேட்டா, மாடு ஆபீஸு காவல்ல இருக்குது, அவங்கதான் பாக்கணும்ன்றாங்க."

"அது அவங்க சொல்றதும்மா."

"அப்ப மாட்டையே கேட்டுப் பாரு, அது இன்னா சொல்லுதுன்னு."

உமாபதி தலையைக் குனிந்துகொண்டான். தயாவதி குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கிணற்றுக்குப் போனாள். பெற்றவர்கள் என்ன நினைத்துத் தயாவதி என்று பெயர் வைத்தார்களோ, தயவெல்லாம் வாயில்லாத ஜீவன்களுக்கே செலவாகிவிட்டது. வாயுள்ளவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

அவள் திருப்பருத்திக்குன்றத்துக்காரி. சமணக் குடும்பம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். உழவுக்கும் வண்டிக்கும் அவளிடம் இருந்தது இந்த ஒரு ஜோடிதான், செந்நிறச் செவலையும் சாம்பல் நிற மயிலையும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஊரில் எல்லார் நிலத்திலும் ஏர் இறங்கிவிட்டது. அவள் நிலத்தில் மட்டும் கோரை முளைத்துக் கிடந்தது. மாட்டை மீட்காவிட்டால் இந்த வருஷம் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லாவிட்டால் அடுத்த வருஷம் சோறு இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

மாடு பிடிபட்ட கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். நம் மாடாக இல்லாதவரை வரும்.

அது அறுபத்தாறாம் வருஷம், அரிசிப் பஞ்ச காலம். ஒரு ஜில்லா அரிசி இன்னொரு ஜில்லாவுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. அதற்கென்றே காஞ்சிபுரத்தின் கோடியில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, தானிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆபீஸ் என்று பலகை மாட்டி, சீனிவாசன் என்றொரு அதிகாரியையும் ஒரு ஜீப்பையும் கொடுத்திருந்தார்கள். புரட்டாசிக் கடைசியில் தயாவதியின் மகள் கனகமாலாவுக்கு வளைகாப்பு. அவளைத் தாமலில் கொடுத்திருந்தது. தாமல் இந்த ஜில்லாதான். சொந்த நெல்லைக் குத்தி இரண்டு மூட்டை அரிசியாக்கி, வண்டியோட்டி வீரபத்திரனை வண்டி கட்டச் சொல்லிப் புறப்பட்டாள். சக்கரத்தில் கடையாணி கழன்று வழியில் நேரம் போய்விட்டது. தாமல் ஏரிக்கரைக்கு வரும்போதே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தபின் அவள் சாப்பிடமாட்டாள். அவள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. சம்பந்தி வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும், வந்ததும் வராததுமாக விருந்தாளி பட்டினியாகப் படுத்தால் சம்பந்தியம்மாள் மனம் நோவாள். கட்டுச்சோறு கையில் இருந்தது. ஏரித் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது, துணியில் வடிகட்டினாலும் தெளியாது. தாமலுக்குத் திரும்பும் தடத்தைத் தாண்டி நாலு எட்டில் ஒரு மாந்தோப்பும் நல்ல கிணறும் இருந்தன. அங்கே வண்டியை நிறுத்தினார்கள். வீரபத்திரன் மாட்டை அவிழ்த்தான். தயாவதி தண்ணீரை வடிகட்டிக் கைகழுவி, சோற்று மூட்டையைப் பிரித்தாள். அந்த நாலு எட்டுக்குள் ஜில்லா எல்லைக்கல் ஒன்று புதருக்குள் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. சீனிவாசனுக்குத் தெரியும்.

ஜீப் வந்து நின்றது.

"அரிசி எங்க போவுது? வடாற்காட்டுக்கா?"

"தாமலுக்குங்க. பொண்ணு வளைகாப்பு."

"தாமல் பின்னாடி இருக்குதே. எல்லையைத் தாண்டி இங்க ஏன் வந்தீங்க?"

"சாப்பிட வந்தேங்க."

"சாப்பிட ரெண்டு மூட்டை அரிசியா?"

சீனிவாசன் கைப்பற்றிய விவரத்தை மகஜராக எழுதி முடிப்பதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது. பிரித்த சோற்றை அவள் அப்படியே வீரபத்திரனிடம் கொடுத்துவிட்டாள். அரிசி, வண்டி, மாடு எல்லாம் பறிபோயின. வளைகாப்பு தாய் இல்லாமல் நடந்தது.

வக்கீல் திருஞானசம்பந்தத்தின் ஆபீஸ் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளி வீட்டு மாடியில் இருந்தது. அவள் போன காலை, அந்தத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாவு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து நீவிக்கொண்டிருந்தார்கள். பட்டு நூல் தெரு நீளத்துக்கு வெயிலில் விறைத்து நின்றது. அந்த நேரம் பார்த்து சீனிவாசனின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. கீழ்வீட்டுச் சிட்டிபாபு, பாவுக்குச் சொந்தக்காரர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜீப்பு சுத்திக்கினு போலாம் சார். பாவு சுத்திக்கினு போவாது."

ஜீப் பின்னாலேயே உருண்டு போயிற்று. இந்த ஊரில் அந்த மனுஷனை நிறுத்த ஒரு நூலாவது இருக்கிறதே என்று தயாவதிக்கு ஒரு சின்ன திருப்தி.

வக்கீல் நல்ல மனிதர். விளக்கிச் சொல்வதில் அவருக்கு ஆசை அதிகம்.

"இது எப்படின்னா அம்மா, சட்டம் டெல்லி போட்டது. அந்தச் சட்டத்தை வச்சு உத்தரவு போட்டது மெட்ராஸ். உத்தரவை நிறைவேத்தறது இந்த ஆபீஸ். நிறைவேத்தினது சரியா தப்பான்னு சொல்றது கோர்ட்டு. ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிட முடியாது. அப்படிப் பிரிச்சு வச்சாத்தான் ஜனங்களுக்குப் பாதுகாப்பு."

தயாவதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சட்டம் டெல்லிது. உத்தரவு மெட்ராஸ்து. புடிச்சது இவங்க. தீர்ப்பு கோர்ட்டுது. எல்லாம் சரிதாங்க வக்கீலய்யா. சாணி யாருது?"

"என்னம்மா?"

"மாடு சாணி போடுது. பத்து நாளா அள்ள ஆளில்ல. அதுலயே படுத்துக்கினு இருக்குது. நாலு பேருக்கும் பிரிச்சுக் குடுத்தீங்களே, சாணி யார் பங்குல வருது?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சாணி எந்தப் பிரிவிலும் வரவில்லை.

ஆகவே அவளே அள்ளினாள். காலையில் வந்து சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, சாயங்காலம் மறுபடி வைக்கோலோடு வருவாள். ஆபீஸ் வாசற்கதவைத் திறந்துவிட ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் உமாபதி முத்திரை போட வேண்டும், முத்திரை உள்ளே இருக்கும், உள்ளே இருப்பவர் வெளியே போயிருப்பார். எல்லாம் முடிந்து அவள் திருப்பருத்திக்குன்றம் நடந்து சேர்வதற்குள் பல நாள் பொழுது சாய்ந்துவிடும். உலையில் சோறு இருக்கும். அவள் சாப்பிடமாட்டாள். அந்த ஆபீஸ் அவள் மாட்டைப் பிடித்தது போதாதென்று அவள் சாயங்காலச் சோற்றையும் பிடித்து வைத்துக்கொண்டது.

வீரபத்திரன் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"எதுக்கும்மா இந்த லோலு? கயித்த அவுத்துக்கினு பூடலாம். மயிலைக்கு ஊட்டுக்கு வழி தெரியும். நான் விசிலடிச்சா பின்னாலயே வந்துரும்."

"வேணாம்பா. நாம திருடல. திருடுன மாதிரி ஏன் ஓடணும்? கோர்ட்டுல கேட்டு, ராஜபாட்டையில ஓட்டிக்கினு போவோம்."

இந்தப் பேச்சைப் பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. சர்க்கார் வக்கீல் எழுந்து, கைப்பற்றியபோது வண்டியின் முகம் மேற்கே இருந்தது, மேற்கே வடாற்காடு, ஆகவே அரிசி வடாற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்றார். திருஞானசம்பந்தம் எழுந்து, மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டிக்கு முகம் ஏது, முதுகு ஏது என்றார். மாடு கிணற்றடியில் கிழக்குப் பார்த்து நின்றதை மகஜரிலேயே எழுதியிருக்கிறார்களே என்று படித்துக் காட்டினார். கோர்ட்டில் சிரிப்பு. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இளவயசுக்காரர், கையில் பேனாவைத் திறந்தபடியே வைத்திருப்பார். தயாவதியைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"சாப்பிடத்தான் நிறுத்தினோம்னு சொல்றீங்க. சம்பந்தி வீடு பக்கத்துல இருக்கும்போது அங்க போய்ச் சாப்பிட்டிருக்கலாமே?"

"பொழுது சாஞ்சிரும்ங்க ஐயா. சாஞ்சப்புறம் நாங்க சாப்பிடறதில்ல."

"ஒருநாள்கூடவா?"

"ஒருநாள் மீறிட்டா அப்புறம் இன்னாத்துக்குங்க அது?"

மாஜிஸ்திரேட் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை இறக்கிக் கொண்டுவரச் சொன்னார். கிழிக்காமல் மடித்திருந்த பழைய தாள்களைப் புரட்டி, அந்த நாளின் அஸ்தமன நேரத்தைப் பார்த்தார். மகஜரில் எழுதியிருந்த நேரத்தையும் பார்த்தார், அது அஸ்தமனத்துக்குச் சற்று முன்னால். தீர்ப்பு அடுத்த நாளே வந்தது. எல்லை தாண்டியது சாப்பாட்டுக்காக, அரிசியைக் கடத்த அல்ல. வழக்கு தள்ளுபடி. சர்க்கார் ஏற்கெனவே விற்றுவிட்ட அரிசி போக, வண்டியையும் காளைகளையும் உடையவரிடம் ஒப்படைக்க வேண்டியது.

தயாவதி கோர்ட்டு வாசலில் நின்று கைகூப்பினாள். நீதி என்று ஒன்று உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். தீர்ப்பின் நகலை முந்தானையில் முடிந்துகொண்டு, வீரபத்திரனையும் கூட்டிக்கொண்டு, நேரே புளியமரத்தடிக்குப் போனாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா?

சீனிவாசன் நகலை இரண்டு பக்கமும் படித்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம்.

"கோர்ட்டு கேஸைத் தள்ளுபடி பண்ணியிருக்கு. சரி. ஆனா பறிமுதல் நடவடிக்கை தனி. அது நிர்வாகத்துக்கு உள்ள அதிகாரம். மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பதில் வந்ததும் விட்டுடறேன்."

"கோர்ட்டு உடச் சொல்லியிருக்குதே சார்."

"கோர்ட்டு சொல்லும்மா. கோர்ட்டு சொல்லிட்டுப் போயிடும். நாளைக்கு மேலிடத்துல ஏன் விட்டேன்னு கேட்டா, கோர்ட்டா வந்து பதில் சொல்லும்? எனக்கு மேல ஒருத்தர், அவருக்கு மேல ஒருத்தர், மெட்ராஸ் வரைக்கும் போகணும். மெட்ராஸ்காரங்க டெல்லியைக் கேட்டாலும் கேப்பாங்க."

"டெல்லிக்கு என் மயிலையத் தெரியுமா சார்?"

அவர் அந்த ஃபைலை எடுத்து வேறு ஃபைலின்மேல் வைத்தார்.

அவள் கோர்ட்டுக்குத் திரும்பினாள். வக்கீல் மனு போட்டார். மாஜிஸ்திரேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் சிவந்த முகத்தால் ஒரு கயிற்றை அவிழ்க்க முடியாது. உத்தரவை ஏன் நிறைவேற்றவில்லை என்று அந்த அதிகாரி நேரில் வந்து விளக்க வேண்டும் என நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். தேதி, தீபாவளி விடுமுறை கழிந்து கோர்ட்டு திறந்த பிறகு வரும் திங்கட்கிழமை.

"அதுவரைக்கும் மாடு?" என்று தயாவதி கேட்டாள்.

"தீர்ப்பு சொல்றது கோர்ட்டும்மா" என்றார் திருஞானசம்பந்தம் வெளியே வந்து, தாழ்ந்த குரலில். "மாட்டை அவுக்கக் கோர்ட்டுக்குக் கை இல்ல. கை இருக்கிறவங்க அவங்கதான்."

"கை இருக்கறவனுக்குக் காது இல்ல. காது இருக்கறவருக்குக் கை இல்ல. நல்லாத்தான் பிரிச்சு வச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு அவள் வைக்கோல் வாங்கப் போனாள்.

விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டது. புளியமரம் இரண்டு தூறலுக்குத் தாங்கும், விடாத மழைக்குத் தாங்குமா? அடி முழுக்கச் சேறு. கோணிச் சாக்கு கொண்டுவந்து இரண்டின் முதுகிலும் போர்த்தினாள். செவலை முரட்டு உடம்பு, உதறிக்கொண்டு நின்றது. மயிலை அன்று வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொண்டைக்குக் கீழே கைவைத்துப் பார்த்தாள். சூடாக வீங்கியிருந்தது. மூச்சு விடும்போது உள்ளே கரகரவென்று சத்தம்.

வீரபத்திரன் ஓடிப்போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தான். டாக்டர் மழையில் நனைந்துகொண்டே பார்த்தார். பெட்டியைத் திறந்தார். கழுத்து அட்டை கண்ணில் பட்டது. பெட்டியை மூடினார்.

"இது சர்க்கார் காவல்ல இருக்கிற மாடாச்சே. ஊசி போடணும்னா ஆபீஸ்லேர்ந்து எழுதிக் குடுக்கணும். இல்ல, மாட்டுக்கு உடையவர் கையெழுத்துப் போடணும். ரெண்டுல ஒண்ணு வேணும்."

"நான்தாங்க உடையவ. குடுங்க, போடறேன்."

ஜன்னலுக்குள்ளிருந்து உமாபதி பதறிக்கொண்டு வந்தான். விடுமுறையிலும் அவனைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள்.

"அம்மா, அம்மா, நீங்க உடையவர்னு போடக் கூடாதும்மா. பறிமுதல் நிலுவையில இருக்கு. நீங்க போட்டு நான் பாத்துக்கினு இருந்தா என் வேலை பூடும்."

"அப்ப நீ போடுப்பா."

"நான் எப்படிம்மா போடறது? சார் போடணும். சார் கேம்ப்ல இருக்கார். நாளான்னைக்கு வந்துடுவார்."

"டாக்டரய்யா, நீங்களாவது..."

"போட்டு மாடு செத்துட்டா, யார் கேட்டுப் போட்டேன்னு என் தலையை உருட்டுவாங்கம்மா. இந்த வியாதியில ஊசி போட்டும் சாகறது உண்டு." அவருக்கும் மனசு கேட்கவில்லை. மயிலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். "கையெழுத்து கிடைச்சா உடனே ஆள் அனுப்புங்க. எந்நேரமானாலும் வரேன்."

தயாவதி யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். அன்று உமாபதியிடம் கெஞ்சினாள். மகனே என்றாள், நீ நல்லா இருப்பே என்றாள். அவன் அழுதேவிட்டான். அழுதானே தவிர கையெழுத்துப் போடவில்லை. அந்த அழுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாட்டுக்கு ஊற்றவா முடியும்? அவள் மிளகையும் இஞ்சியையும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். மயிலைக்கு விழுங்க முடியவில்லை. கடைவாய் வழியாக எல்லாம் வழிந்தது.

மறுநாள் விடிந்து அவள் வந்தபோது மயிலை கால்களை நீட்டிக் கிடந்தது. செவலை அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். நாளான்னைக்கு வர வேண்டிய சீனிவாசன், மாடு செத்த செய்தி கேட்டு அன்று காலையிலேயே வந்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் விளக்கம் சொல்ல வேண்டும், ஆபீஸ் வாசலில் செத்த மாடு கிடக்கிறது. மேலிடத்துக்கு எழுதவில்லை. போன் பண்ணவில்லை. மெட்ராஸையும் டெல்லியையும் யாரும் நினைக்கவில்லை. பீரோ திறந்தது. மணிகள் வந்தன. கொட்டகையிலிருந்து வண்டியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் முடியாத காரியம், மனசு வைத்தால் இவ்வளவுதான்.

"கோர்ட்டு உத்தரவுப்படி ஒப்படைக்கிறோம்மா" என்றார் சீனிவாசன். "வண்டியும் மாடுகளும் உங்களுதுதான். எடுத்துக்குங்க. இதுல ஒரு கையெழுத்து."

உமாபதி ரசீதை நீட்டினான்.

"இன்னா எழுதியிருக்குது, படிப்பா."

"மேற்படி வண்டி ஒன்றும், காளைகள் இரண்டும்..." அவன் நிறுத்தினான்.

"படி."

"...நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்."

தயாவதி மயிலையைப் பார்த்தாள். அதன் கண்ணில் ஈ மொய்த்தது. முந்தானையால் ஓட்டினாள். நேற்று வரை உடையவள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை. உயிர் போன பிறகு உடையவள் நீதான் என்று சர்க்காரே சொல்கிறது.

ரசீதை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கையெழுத்தும்மா" என்றார் சீனிவாசன்.

"போடறேன் சார். எனக்கும் மேலிடம் இருக்குது. கேட்டுக்கினு வந்து போடறேன்."

மயிலையை நாலு பேராகச் சேர்ந்து வண்டியில் ஏற்றினார்கள். உமாபதியும் சேற்றில் இறங்கிக் கை கொடுத்தான். நுகத்தடியின் ஒரு பக்கம் செவலையைப் பூட்டினான் வீரபத்திரன். மறுபக்கம் மயிலையின் இடம் வெறுமையாக இருந்தது. அவன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, அங்கே தானே நுகத்தைத் தாங்கினான்.

"நீ ஏன்பா?" என்றாள் தயாவதி.

"நுகத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குதேம்மா. ஒருத்தன் எப்படி இழுப்பான்?"

அவள் பின்னாலிருந்து தள்ளினாள். ஊருக்குத் திரும்பும் வழியில் அவர்கள் போகவில்லை. முதலில் சின்ன காஞ்சிபுரம் போய் வக்கீலைக் கூப்பிட்டுக்கொண்டு, அங்கிருந்து கோர்ட்டுக்கு.

மழை விட்டு வெயில் அடித்ததால் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். செவலை பாவின் முன்னால் வந்து நின்றது. தயாவதிக்கு இங்கும் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். சிட்டிபாபு நிமிர்ந்து பார்த்தார். நுகத்தடியில் ஒரு பக்கம் மாட்டையும் ஒரு பக்கம் மனிதனையும் பார்த்தார். வண்டியில் கிடந்ததைப் பார்த்தார். கழுத்தில் இன்னும் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு தெலுங்கில் ஏதோ குரல் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடிவந்து, பாவைத் தாங்கிய கவைக்கோல்களோடு அலுங்காமல் தூக்கிச் சுவரோரம் நகர்த்தினார்கள். ஈரப் பட்டு இழை சுவரில் உரசினால் அத்தனை நாள் வேலையும் வீண். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பேர் வந்து அவளோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள்.

கோர்ட்டு விடுமுறை முடிந்து அன்றுதான் திறந்திருந்தது. வண்டி வாசலில் நின்றதும் உள்ளே நடந்த விசாரணை தானாக நின்றுவிட்டது. வக்கீல்கள் வெளியே வந்தார்கள். டவாலி சேவகன் விரட்ட வந்து, பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டான். கடைசியில் மாஜிஸ்திரேட்டே தாழ்வாரத்துக்கு வந்தார். கையில் திறந்த பேனா இருந்தது.

திருஞானசம்பந்தம் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அவருக்குக்கூட விளக்கம் வரவில்லை. தயாவதிதான் பேசினாள்.

"ஐயா, உங்க உத்தரவ நெறவேத்திட்டாங்க. வண்டி ஒண்ணு, மாடு ரெண்டு. பாத்துக்குங்க."

அவர் வண்டியைப் பார்த்தார்.

"நல்ல நெலமையில வாங்கிக்கினேன்னு கையெழுத்துக் கேக்கறாங்க." முடிச்சை அவிழ்த்து ரசீதை நீட்டினாள். "நேத்து இதே மாதிரி ஒரு கையெழுத்துதாங்க வேண்டியிருந்தது. ஊசிக்கு. ஆளு கெடைக்கல. இன்னிக்கு என் கையெழுத்து வேணுமாம். போடலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. எது சரி, எது தப்புன்னு சொல்றதுதான உங்க வேலைன்னாங்க."

மாஜிஸ்திரேட் ரசீதை வாங்கிப் படித்தார். எது சரி என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சரியாகவும் சொல்லியிருந்தார். காலண்டரை இறக்கிப் பார்த்து, அஸ்தமன நேரம் வரை கணித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாததுபோல் நின்றார்.

"போடாதீங்கம்மா" என்றார் கடைசியில். பேனாவை மூடினார். உள்ளே திரும்பி, அந்த அதிகாரியை உடனே அழைத்து வரச் சொன்னார். குரல் உயர்ந்திருந்தது. சேவகன் ஓடினான்.

வருவார், சொல்வார், எழுதிக்கொள்வார்கள் என்று தயாவதி நினைத்தாள். அவள் அதற்காக நிற்கவில்லை. மயிலையின் கழுத்திலிருந்த அட்டையை அவிழ்த்துக் கோர்ட்டுப் படியில் வைத்தாள். மணியைக் கட்டினாள். வீரபத்திரன் மறுபடி நுகத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

திருப்பருத்திக்குன்றத்தில் அவள் நிலத்து வரப்போரம் குழி வெட்டி மண்ணைத் தள்ளி முடித்தபோது, பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து வீட்டு மனோன்மணி சோறு கொண்டுவந்து வைத்து, இருட்டறதுக்குள்ள சாப்பிடும்மா, இன்னிக்காவது சாப்பிடு என்றாள். தயாவதி கையைக் கழுவினாள். சோற்றைப் பிசைந்து உருட்டி எழுந்து போய், அதைச் செவலையின் வாயருகே நீட்டினாள். செவலை வாங்கவில்லை. அவளும் அன்று சாப்பிடவில்லை.